பதினாலு பிள்ளைகளும் ஒரு கிணறும்

கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு அடிவாரத்து உறவுகளே, வணக்கம்.

கோடை விடுமுறை முழுக்க உங்கள் வாசலில் வந்து நின்று கயிறு கேட்டும், மூங்கில் கேட்டும், லாரி டியூப் கேட்டும் தொல்லை கொடுத்தவன் எழுதுகிறேன். 15 முதல் 17 வயது வரை பதினாலு பிள்ளைகள், அதில் ஆறு பேர் பெண் பிள்ளைகள், உயிர்காப்பு உதவியாளர் பயிற்சியை முடித்துவிட்டார்கள். ஆடிப்பெருக்கு அன்று பூலாம்பட்டிக் காவிரிப் படித்துறையில் நின்று கற்றதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். வீடு வீடாக வந்து நன்றி சொல்வதுதான் முறை. மானாவாரிக் காட்டில் வேலை நெருக்குகிறது, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி கடல் தாண்டிப் போகிறது. கனடாவில் இருக்கும் என் அக்கா மகள் அங்கே ‘வெண்கலச் சிலுவை’ என்று ஒரு படிப்பு முடித்திருக்கிறாள். குளக்கரையில் மூத்த காவலருக்குத் துணையாக நிற்க இளம் பிள்ளைகளைத் தயார்படுத்தும் படிப்பு. நாம் ஏன் இங்கே செய்யக்கூடாது என்று கேட்டபோது போனில் சிரித்தாள். “மாமா, நம்ம ஊருப் பசங்களுக்கு நீச்சல் தெரியும். குதிக்காம இருக்கத்தான் தெரியாது.”

அந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் பாடத்திட்டம். தம்பி முழுகினால் அண்ணன் குதிப்பான், அவனைப் பார்த்து மாமன் குதிப்பான். கடைசியில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பாடை கிளம்பும். நம் பக்கம் இந்தக் கதை தெரியாத ஊர் இல்லை. முழுகுகிறவனுக்குப் பக்கத்தில் வருவது அப்பனா, அயலானா என்று தெரியாது. கையில் அகப்பட்டதை அமுக்கிக்கொண்டு மேலே ஏறப் பார்ப்பான். அதனால் வரிசை இதுதான்: கரையில் படுத்துக் கம்பு நீட்டு, எட்டாவிட்டால் கயிறு எறி, அதுவும் ஆகாவிட்டால் மிதவையோடு பெரியவர் போகட்டும். இறங்கி நீந்துவது உதவியாளர் வேலையே இல்லை. இதை வாயால் சொல்வது சுலபம். கிணற்று மேட்டில் வளர்ந்த பையனைக் கரையிலேயே நிற்க வைப்பது இருக்கிறதே, அப்பப்பா.

கிணறு கொடுத்த தோட்டத்துக்காரர் பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, போடவில்லை. ஆனால் அவர் கொடுத்தது கிணறு மட்டும் இல்லை என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் இறங்கிய காலை நேரத்தில்தான் அவருக்கு மும்முனை மின்சாரம் வரும். ஆள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது என்று அவரே ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவார். மரவள்ளி வாடியது. “கிழங்கு அடுத்த வருசமும் வருமுங்க” என்றதோடு சரி.

தையல்கடை அண்ணன் அரிசிச் சாக்கில் எறிகயிற்றுப் பை தைத்துத் தந்தார். உள்ளே ஒரு துண்டு தெர்மக்கோல், பதினைந்து மீட்டர் நைலான் கயிறு. எறிந்தால் பை பறக்க, கயிறு தானாக அவிழ்ந்து பின்னால் போகும். பஞ்சர் கடையில் இரண்டு லாரி டியூப், காசு வாங்கவில்லை.

இப்போது அப்புச்சிக்கும் செவிலியர் அக்காவுக்கும் வருகிறேன். இந்தப் பக்கத்தில் பாதி ஊருக்குச் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்கியவர் அப்புச்சி. தண்ணீர் குடித்தவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்ற வேண்டும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டும் என்பது அவர் காலத்துப் பாடம். பிள்ளைகள் முன்னால் அக்கா அது தப்பு என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியே விட்டார். அக்கா பின்னாலேயே போய், வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, பொறுமையாக விளக்கினார். முழுகியவன் சாவது வயிற்றுத் தண்ணீரால் இல்லை, மூளைக்குக் காற்றுப் போகாததால். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழலை அடைக்கும். சுற்றுகிற நேரத்தில் காற்றில்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் நட்டம். பேச்சுமூச்சு இல்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், அப்புறம் நெஞ்சின் நடுவில் முப்பது அமுக்கு, இரண்டு ஊதல், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல்.

அப்புச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நான் சுத்துனதுல பொழைச்சவனெல்லாம் தானாப் பொழைச்சவனா?” என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் ஆளாக வந்து, நெஞ்சை அமுக்கிப் பழக வைத்திருந்த பொம்மை முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தவர் அவர்தான். இந்தப் பயிற்சியில் நான் பார்த்த பெரிய மனுசத்தனம் அதுவே.

நெஞ்சை அமுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு ஆழம் குறைந்தது 5 செ.மீ. பிள்ளைகள் பதற்றத்தில் தறிகெட்டு அமுக்கினார்கள். வேடிக்கை பார்த்த ஆயா ஒருவர் எழுந்து கும்மிக்குத் தட்டுவதுபோல் கைதட்டினார். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினோம்: 108. அன்றிலிருந்து அந்த ஆயாதான் எங்கள் தாளம்.

ஞாயிறு விடியலில் தன் நீச்சல் குளத்தைத் திறந்துவிட்டவருக்கும் நன்றி. அங்கே நடந்தது பார்க்கும் பயிற்சி. முழுகுகிறவன் கத்துவான், கையை ஆட்டுவான் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், உடம்பு செங்குத்தாக நிற்கும், விளையாடுவதுபோலத் தெரியும். கரையில் இருபது நிமிடம் செல்போன் இல்லாமல் உட்கார்ந்து குளத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நடுவில் ஓசைப்படாமல் ஒரு துணிப்பொம்மையைத் தண்ணீருக்குள் விட்டேன். முதல் நாள் இரண்டு நிமிடம் ஆகியும் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! கடைசி வாரம் பத்து நொடிக்குள் விசில் வந்தது.

அனுமதி கேட்கப் போன இடத்தில் ஓர் அதிகாரி, “சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உயிரோடு விளையாடுகிறீர்களா?” என்று கேட்டார். அன்று எனக்குக் கோபம். யோசித்தால் பாதி நியாயம். அதன்பிறகுதான் ஒவ்வொரு இரண்டு பிள்ளைக்கும் ஒரு பெரியவர், அவர் நகர்ந்தால் பிள்ளைகளும் கரையேற வேண்டும் என்று விதி வைத்தோம். அவருக்கும் நன்றி.

மகளை அனுப்ப யோசித்த அப்பாக்கள் சிலர் உண்டு. தினமும் கூடவே வந்து கிணற்று மேட்டில் மல்லிகைப்பூ கட்டிக்கொண்டு உட்கார்ந்த அம்மாக்களால்தான் ஆறு பேரும் கடைசிவரை வந்தார்கள்.

ஆடி 18 அன்று பூலாம்பட்டியில் சொல்லவா வேண்டும், முளைப்பாரியும் காப்பரிசியும் புதுத் தாலிக்கயிறும் கூட்டமும். நீச்சல் தெரிந்த பெரியவர்கள் தண்ணீரோரம் நிற்க, பிள்ளைகள் படியில் இடம் பிரித்து நின்றார்கள். பத்தரை மணி இருக்கும். எங்கள் பெண் ஒருத்தி விசில் அடித்தாள். இடுப்பளவு தண்ணீரில் நான்கு வயதுக் குழந்தை, அம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே, வாய் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குதிக்கவில்லை. படியில் படுத்து மூங்கிலை நீட்டினாள். குழந்தை பிடிக்கவில்லை என்றதும் கீழ்ப்படியில் நின்ற பெரியவரிடம் கையைக் காட்டினாள். அவர் இரண்டே எட்டில் போய் அள்ளிக்கொண்டார். இருமல், அழுகை, அவ்வளவுதான். இருந்தாலும் மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்பினோம்.

அந்த அம்மா முதலில் எங்கள் பெண்ணைத்தான் திட்டினார், கம்பை நீட்டி குழந்தையைப் பயமுறுத்திவிட்டாய் என்று. அவள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி தண்ணீரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். இவளிடம் நான் பாராட்ட நினைத்தது மூங்கில் நீட்டியதை இல்லை, அந்தத் திரும்பலைத்தான்.

அன்று புளிசாதம் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றுடைய மூன்றடுக்குத் தூக்குச்சட்டி என்னிடமே தங்கிவிட்டது. மூடியில் மயில் பொறித்திருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை; கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பழைய பதினைந்து மீட்டர் கயிற்றை மாடு கட்ட எடுத்துப்போனவர் யாராக இருந்தாலும் அதையும் அப்படியே கொண்டு வாருங்கள், கோபமில்லை.