பிரையர் எழுதிய பேச்சைத் திரும்ப வையுங்கள்

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். ஆஸ்வால்ட் பிரையர் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1881இல் தென் ஆஸ்திரேலியாவின் மூன்டாவில் பிறந்து, அந்த ஊர்ச் செம்புச் சுரங்கத்திலேயே வேலை பார்த்த கேலிச்சித்திரக்காரர். 1923இல் அது மூடப்பட்டது. சிட்னியின் ‘புல்லட்டின்’ இதழில் அவர் வரைந்த ‘கசின் ஜாக்’, அதாவது கார்ன்வால் சுரங்கத் தொழிலாளி, படங்களைச் சுவர் நிறைய மாட்டியிருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்த பேச்சை வெட்டிவிட்டு, பாடப்புத்தக ஆங்கிலத்தில் வேறு வரி ஒட்டியிருக்கிறீர்கள். பழைய பேச்சை அப்படியே திரும்ப வையுங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து மூன்டாவுக்கு வந்த கார்ன்வால்காரர்கள் ‘ஹெச்’ ஒலியை விழுங்குவார்கள். உயிரில்லாத பொருளையும் ‘அவன்’ என்பார்கள். சுரங்க அதிகாரி அவர்களுக்குக் ‘கேப்ன்’, அதாவது கேப்டன். அதை ‘மேலாளர்’ என்று மாற்றியதில், அந்தச் சொல்லில் இருந்த பயமும் உரிமையும் சேர்ந்தே போய்விட்டன.

பேரம் பேசும் படங்களில்தான் சேதம் அதிகம். ‘டட்வொர்க்’ முறையில் பாறை குடைய ஃபாதத்துக்கு, அதாவது ஆறடிக்கு, இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். பாறை கெட்டி என்று தொழிலாளி சாதிப்பார். இளக்கம்தான் என்று கேப்ன் மறுப்பார். மெழுகுவத்தி, வெடிமருந்து விலையெல்லாம் கூலியில் கழியும். தொப்பியில் களிமண்ணை அப்பிச் செருகிய மெழுகுவத்திகூடத் தொழிலாளியின் காசுதான். தாது வெட்டுபவருக்கோ ‘டிரிபியூட்’, எடுத்த தாதுவின் மதிப்பில் ஒரு பங்கு. ஒரு சொல் மாறினால் யார் யாரை மடக்கினார் என்பதே தெரியாது.

இடம் போதவில்லை என்கிறீர்கள். இரண்டு வரிக்கா? கார்னிஷ், அதாவது கார்ன்வால்காரர், என்றால் பேஸ்டி என்னும் இறைச்சி அடைத்த பலகாரமும் கறுப்பு வெள்ளைக் கொடியும் போதும் என்று நினைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அந்த மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு மட்டும் எங்கும் இடமில்லை.

கோபத்தில் சொன்னதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை பெரிதல்ல. மூலப் பக்கத்தை வெட்டாமல், 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம், வருடுங்கள் (ஸ்கேன் செய்யுங்கள்). 300இல் வருடி நான்கு மடங்கு பெரிதாக்கியதால்தான் பேனாக் கோடுகள் படிப்படியாக உடைந்து தெரிகின்றன. ஜன்னலுக்கு எதிரே இருக்கும் பழைய இதழ்த் தாள்களை உள்ளே மாற்றி, வெளிச்சத்தை 50 லக்ஸுக்குள் வையுங்கள். மரக்கூழ்த் தாள் வெயிலில் பழுத்து நொறுங்கிவிடும். ஒவ்வொரு படத்தின் கீழும் இதழின் தேதி இருக்கட்டும். அதற்கு மேலே, பிரையர் எழுதிய பேச்சு, ஒரு எழுத்தும் திருத்தாமல். தயவுசெய்து செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
கார்னிஷ் சுரங்க வரலாற்று வாசகர்கள்