இரண்டாம் தவணை நிறைவும் தரம் 10 வரலாற்று ஒப்படையும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை இவ்வாரத்துடன் நிறைவுறுகின்றது. வலய மட்டத் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நம் மாணவர்கள் பாராட்டத்தக்க இடங்களைப் பெற்றார்கள். சுவாமி விபுலானந்தர் நினைவு தினம் வழமைபோல் சிறப்பாக நடைபெற்றது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் உதவியால் குடிநீர்க் குழாய்கள் திருத்தப்பட்டுள்ளன. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் நேரில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

தரம் 10 மாணவர்களின் பெற்றோருக்கு இதனைவிட விரிவாக ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டியுள்ளது. மற்றைய வகுப்புகளின் பெற்றோரும் வாசித்தால் நல்லது; அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளைகளும் இதே வகுப்புக்கு வருவார்கள்.

வரலாற்றுப் பாட ஆசிரியை இத்தவணை கொடுத்த ஒப்படையின் கேள்வி இதுதான்: இயற்கைத் துறைமுகம் இல்லாத ஒரு மணற்கரையில் சென்னை எவ்வாறு இந்தியாவின் பெருந் துறைமுக நகரங்களுள் ஒன்றாக வளர்ந்தது? கிடைத்த ஒப்படைகளிற் பெரும்பாலானவை வர்ண அட்டையும் பிளாஸ்டிக் உறையுமாக, கணினியில் அச்சிட்டு, பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தன. ஆனால் உள்ளே பந்திக்குப் பந்தி ஒரே எழுத்து. சென்னையில் ஆங்கிலேயர் கட்டிய புனித ஜோர்ஜ் கோட்டைக்கான நிலம் கிடைத்த 1639ஆம் ஆண்டு, அத்தனை ஒப்படைகளிலும் 1693 என்றே பிழையாக அச்சாகியிருந்தது. கொமியூனிகேசன் கடையில் ஒரு பிரதி தட்டச்சுச் செய்யப்பட்டு, முன்பக்கத்துப் பெயர் மட்டும் மாற்றப்பட்டு, பிள்ளைகளுக்கு விற்கப்பட்டிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஆசிரியைக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

நான் எவரையும் குறைகூற இதனை எழுதவில்லை. விடியுமுன் வயலுக்கோ கடலுக்கோ செல்கின்ற தந்தையும், வெளிநாட்டிலிருந்து இரவில் மட்டும் தொலைபேசியில் பேசக்கூடிய தாயும், பிள்ளைக்குப் புள்ளி குறைந்துவிடக்கூடாது என்ற பயத்தில் பணம் கொடுத்திருப்பீர்கள் என்பதை நான் அறிவேன். அச்சிட்டுக் கொடுத்தவர்களும் நம்முடைய பழைய மாணவர்களே. கேட்டதைச் செய்து கொடுத்தார்கள். ஆயினும் இவ்வளவு செலவழித்து அந்தப் பிள்ளை எதனைப் பெற்றது என்று நாம் எல்லோரும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அச்சுப் பிரதி ஆண்டுகளை வரிசையாக அடுக்கியதே தவிர, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேயில்லை. கிழக்கிந்தியக் கம்பனியின் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் 1639இல் அப்பகுதி நாயக்கரிடமிருந்து நிலம் பெற்றபோது, அங்கே கப்பல் ஒதுங்க ஒரு குடாக்கூட இருக்கவில்லை. அவர்கள் கடலைப் பார்த்து வந்தவர்களல்லர், துணியைப் பார்த்து வந்தவர்கள் என்பதே என் கருத்து. பின்புலத்து ஊர்களின் நெசவாளரும் வர்ணத் துணி செய்வோரும் அவர்களுக்கு வேண்டியிருந்தனர்; வடக்கே பழவேற்காட்டில் ஒல்லாந்தரும், தெற்கே சாந்தோமில் போர்த்துக்கேயரும் ஏற்கெனவே இருந்தனர். அதற்கு முந்திய ஆண்டு, 1638இல், இதே ஒல்லாந்தர்தாம் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். நம் பிள்ளைகள் பஸ்ஸில் அந்தக் கோட்டையைக் கடந்து போகிறார்கள். இரண்டு கரைகளிலும் நடந்தது ஒரே வணிகப் போட்டி என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடித்து எழுதியிருந்தால், எழுத்துப் பிழைகளை நான் மன்னித்திருப்பேன்.

கோட்டையைச் சுற்றி நெசவாளரும் வணிகரும் குடியேற்றப்பட்டனர். 1688இலேயே அங்கு மாநகராட்சி அமைந்துவிட்டது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி அதுவே. 1746இல் பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்து, 1749இல் திருப்பிக் கொடுத்தனர். இவ்வளவும் நடந்து முடிந்தும் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டியிருந்தது. அந்தப் படகின் பலகைகளை ஆணி அறையாமல் கயிற்றினால் தைத்திருந்தனர். அலை அடிக்கும்போது உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக. 1861இல்தான் இரும்பாலான இறங்குதுறை ஒன்று கடலுக்குள் நீண்டது. அதற்கு முன்பே, 1856இல், இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடிவிட்டது. துறைமுகத்துக்கு முந்தி இரயில் வந்த துறைமுக நகரம் அது. ஏன் அப்படி நடந்தது என்று பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதே ஆசிரியையின் எதிர்பார்ப்பு.

துறைமுகம் கட்டிய கதைதான் நமக்கு மிக நெருக்கமானது. 1870களில் கடலுக்குள் இரண்டு கற்சுவர்கள் எழுப்பத் தொடங்கினர். 1881 நவம்பரில் வீசிய சூறாவளி அவற்றைச் சிதைத்தது. 1978 நவம்பர்ச் சூறாவளியை அனுபவித்த நம்மூர்ப் பெரியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. திருப்பிக் கட்டியபோது கிழக்கு நோக்கியிருந்த வாயிலில் மணல் சேர்ந்தது. 1904இல் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்ற பொறியியலாளர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடி, வடகிழக்கு நோக்கிப் புதிய வாயிலைத் திறந்த பின்னரே துறைமுகம் துறைமுகமாயிற்று. ஆனால் சுவர் தடுத்த மணல் தெற்கே சேர்ந்து மெரீனாக் கடற்கரையை அகலமாக்கியது. மணல் கிடைக்காத வடக்கே, இராயபுரம் பக்கத்தைக் கடல் அரித்தது.

இதனைப் படிக்கும்போது நம் மாவட்டத்துப் பெற்றோருக்கு ஒலுவில் நினைவுக்கு வராமல் இராது. 2013இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயிலில் மணல் நிரம்பியதையும், அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் கடலில் விழுந்ததையும் நீங்கள் கண்ணால் கண்டவர்கள். ஆற்றுவாயில் மண் ஏறுவதும், மாரியில் முகத்துவாரம் வெட்டுவதும் நம்மூரில் ஆண்டுதோறும் நடக்கும் காரியங்கள். கரைவலை இழுக்கும் ஒருவரிடம் பிள்ளை பத்து நிமிடம் பேசியிருந்தால், சென்னைத் துறைமுகத்தின் நூறாண்டுச் சிக்கல் அதற்கு விளங்கியிருக்கும். அதற்குப் பணம் தேவையில்லை. அப்பாவோ மாமாவோ கடலிலிருந்து திரும்பி வரும்வரை காத்திருந்தால் போதும்.

சென்னை நகரம் நமக்கு அந்நியமானதும் அன்று. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்தர் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். ஆண்டுதோறும் மாலை அணிவித்து நாம் வணங்குகின்ற பெரியவர் அந்நகரத்து வீதிகளில் நடந்தவர் என்பதை, கையிற் கிடைத்த அச்சுப் பிரதிகளில் ஒன்றுகூடக் குறிப்பிடவில்லை.

ஆகவே பின்வருவனவற்றை ஐயத்துக்கு இடமின்றி அறியத்தருகிறேன். பணம் கொடுத்துச் செய்வித்த ஒப்படைக்கு இப்பாடசாலையில் புள்ளி வழங்கப்படமாட்டாது. பரீட்சை மண்டபத்தில் அடுத்தவர் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் நான் வேறுபாடு காணவில்லை. கைத்தொலைபேசிச் செயலியிடம் கேட்டு அப்படியே பார்த்தெழுதுவதும் இதில் அடங்கும். இத்தவணை கிடைத்த அச்சுப் பிரதிகள் யாவும் புள்ளியிடப்படாமல் திருப்பிக் கொடுக்கப்படுகின்றன. மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாவது வாரத்துக்குள் ஒவ்வொரு மாணவரும் அப்பியாசக் கொப்பியில் தம் கையெழுத்தில் மீண்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதைப் பற்றி ஆசிரியை வாய்மொழியாகவும் கேட்பார். இதிற் சலுகை கேட்டு அலுவலகத்துக்கு வர வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பயமுறுத்துவது எமது நோக்கமன்று. நான்கு பக்கம் போதும். வர்ண அட்டை வேண்டாம், அட்டைக்குத் தனிப் புள்ளியும் இல்லை. எந்த நூலிலிருந்து அல்லது எவரிடமிருந்து அறிந்தது என்பதை ஓரத்தில் எழுதினால் போதுமானது. நூலகத்தில் தேவையான நூல்களை ஆசிரியை தனியாக எடுத்து வைத்திருக்கிறார். விடுமுறையிலும் செவ்வாய், வியாழன் காலைகளில் நூலகம் திறந்திருக்கும். எழுதுவதற்கு உண்மையாகவே சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவ இரண்டு ஆசிரியர்கள் முன்வந்துள்ளார்கள்.

கையால் எழுதி வந்த சில ஒப்படைகளும் இருந்தன என்பதை மகிழ்ச்சியுடன் கூற வேண்டும். அவற்றுள் ஒன்று இரண்டு பக்கமே. அதை எழுதிய மாணவி, அலை எந்தப் பக்கமாக மணலை இழுத்துச் செல்கிறது என்று தன் அம்மப்பாவிடம் கேட்டு, ஒரு சிறு படமும் வரைந்து, சென்னையின் கிழக்கு வாயிலை ஏன் மூடினார்கள் என்று தானாகவே காரணம் சொல்லியிருந்தாள். எழுத்துப் பிழைகள் நிறையவே இருந்தும், வகுப்பிலேயே அதிக புள்ளி அந்த ஒப்படைக்குத்தான். பேத்தியின் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொன்ன அந்தப் பெரியவருக்குப் பாடசாலையின் சார்பில் நன்றி.

புதிய தவணையின் முதற் சனிக்கிழமை தரம் 10 மாணவர்களை ஒலுவில் கரைக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளோம். அனுமதிப் படிவம் இக்கடிதத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் தொப்பியும், தண்ணீர்ப் போத்தலும், கொப்பியும் கொண்டு வந்தால் போதும், கைத்தொலைபேசி தேவையில்லை. கடற்றொழில் செய்யும் பெற்றோரில் இருவர் அல்லது மூவர் அன்று எங்களுடன் வந்து, கரை எப்படி மாறியது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல முடியுமாயின் அலுவலகத்துக்கு அறியத்தாருங்கள். இவ்வளவு நீண்ட கடிதத்தைப் பொறுமையுடன் வாசித்தமைக்கும், இத்தவணை முழுவதும் தந்த ஒத்துழைப்புக்கும் உளமார்ந்த நன்றி.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
அதிபர்