மின் அதிர்ச்சிக் கருவி விளையாட்டுப் பொருளல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் டார்ச், செல்போன் உறைகளோடு மின் அதிர்ச்சிக் கருவியும் விற்பனைக்கு வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் இரு முனைகளுக்கிடையே நீலப் பொறி சடசடக்கிறது. “ஒன்றும் ஆகாது, எடுத்துப் போங்கள்” என்று பள்ளி மாணவர்களிடமே சொல்கிறார் கடைக்காரர். அதைக் கேட்டு வயிறு எரிந்தது.

எப்படி ஒன்றும் ஆகாமல் போகும்? உடலில் வைத்து அழுத்தும் இந்தக் கருவி துடிக்கவைக்கும் வலியைத் தரும், தோலைச் சுட்டுவிடும். பல நாட்டுக் காவலர்கள் பயன்படுத்தும் டேசர் என்னும் மின் துப்பாக்கி இன்னும் கடுமையானது. கம்பியோடு பாயும் இரு ஊசிகள் உடலில் தைத்ததும், நொடிக்குச் சுமார் 19 மின்துடிப்புகள் தசைகளை இறுக்கிப் பூட்டிவிடும். கையை ஊன்றக்கூட முடியாமல் மனிதர் வெட்டிய மரமாய்ச் சாய்வார். மண்டை தரையில் மோதி உயிர்போன சம்பவங்கள் உண்டு. ஊசி நெஞ்சருகே தைத்தால், அரிதாகவே என்றாலும், இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். டேசர் தரும் கடும் வலி ஒருவகைச் சித்திரவதையே என்று ஐ.நா. சித்திரவதை எதிர்ப்புக் குழு 2007-லேயே கூறியது.

தற்காப்புக்கென்று பெண்கள் தேடுவது புரிகிறது. சிறுவர்களுக்கு எதற்கு? மாநகரக் காவல்துறை இக்கடைகளை உடனே சோதனையிட வேண்டும்.

– வாசகர் ஒருவர், செல்லூர், மதுரை