ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் வயிறு பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

காலை இறைவணக்கக் கூட்டத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பாகவே இருக்கிறார்கள். கேட்டால் "சாப்பிடல சார்" என்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று இங்கேயே சாப்பிட்டவர்கள் இவர்கள். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பும் தாய்மார்கள் நம் ஊரில் நிறைய. சமைக்க நேரமில்லாமல் பிள்ளையின் கையில் பத்து ரூபாயைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். அது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தப் பத்து ரூபாய் போகும் வழியில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டாகவோ கலர் பாட்டிலாகவோ ஆகிவிடுகிறது. இடைவேளையில் இன்னொன்று. மதியம் சத்துணவுக்கு உட்காரும்போது பசி செத்துப்போய், சாம்பாரில் இருக்கும் முருங்கைக்கீரையைத் தட்டின் ஓரமாக ஒதுக்குகிறார்கள். முட்டையைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்குப் பள்ளி நாள்தோறும் கிடைக்கும் அதை விடலாமா? முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறோம், அதுவும் சில நாள் அப்படியே மிஞ்சுகிறது.

போன வாரம் கணக்குப் பாடத்தையே இதற்காக எடுத்துக்கொண்டோம். காலி பாக்கெட்டுகளையும் பாட்டில்களையும் கொண்டுவரச் சொல்லி, அவற்றின் மேலுள்ள பொடி எழுத்தைப் படிக்க வைத்தோம். ஒரு பாட்டிலில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. அது 250 மில்லி பாட்டில். பெருக்கிப் பார்த்தால் 27.5 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்து டம்ளரில் அளந்து போட்டார்கள், கிட்டத்தட்ட ஏழு கரண்டி வந்தது. வகுப்பே கொஞ்ச நேரம் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பத்து நாள் பேசியிருந்தாலும் அந்தப் பார்வை வந்திருக்காது. உங்கள் பிள்ளையிடம் இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள், சொல்லும்.

அப்புறம் ஒரு விஷயம், இதுதான் என்னை ரொம்பவும் வருத்தியது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒரு பையனைக் கேட்டேன். "இட்லி" என்றான். அவன் சாப்பிட்டது கேழ்வரகுக் கூழ் என்று பின்னால் தெரிந்தது. சொல்ல வெட்கம். கேழ்வரகில் எடைக்கு எடை பாலைவிடச் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று மறுநாள் வகுப்பில் சொன்னோம், அதற்கப்புறம்தான் தலையை நிமிர்த்தினான். கூழோ, பழைய சோறும் வெங்காயமுமோ, எதுவானாலும் சாப்பிட்டு வரட்டும். அது ஏழைச் சாப்பாடு என்று வீட்டில் யாரும் பிள்ளை காதுபடப் பேசாதீர்கள். "ஒல்லி", "குண்டு" என்று கூப்பிடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், அப்படிக் கூப்பிட்டால் பிள்ளை சாப்பிடவே கூசும்.

சரி, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பிள்ளை ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். தின்பண்டம் கொடுத்துவிட வேண்டுமானால் வேகவைத்த கடலை, சுண்டல், கொய்யா, கடலை மிட்டாய் எதுவானாலும் டப்பாவில் போட்டு அனுப்புங்கள். வாரம் ஒருமுறை நாங்கள் தரும் இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறோம். வீடு திரும்பியதும் அன்று உடனே டீ கொடுக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீ குறைத்துவிடும்.

காலையில் சமைக்கவே வழியில்லாத வீடு என்றால் கூச்சப்படாமல் என்னிடம் வந்து சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மதியம் 12.30 மணிக்கு வந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சமையலர் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்