கையெழுத்துக்கு விட்ட இடம்

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தணிந்து காலையில் நடக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்தபோது மனம் நிம்மதியடைந்தது. இங்கே அனைவரும் நலம்.

எங்கள் தெருக் குடிநீரில் கழிவுநீர் கலந்து வருவதை முன்பே எழுதியிருந்தேன். சென்ற மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வாசலில் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. பழைய குழாயை மாற்றாமலே ஒப்பந்ததாரர் பள்ளத்தை மூடிவிட்டார் என்றும், தெருமுனையிலிருந்து எத்தனையாவது வீட்டின் எதிரே விரிசல் இருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தது. பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. பெயரில்லாத புகாரின் மேல் நடவடிக்கை கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமே 1999இல் சொல்லியிருக்கிறது, ஆகவே கிழித்துப் போடுங்கள் என்றார், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். பெயர் போடாதவன் பொய்யும் எழுதலாம், எழுதினால் ஏனென்று கேட்க ஆளில்லை என்ற அவருடைய அச்சம் நியாயமானதுதான். ஆனால் தினக்கூலிக்கு வருகிறவரிடம் கையெழுத்துக் கேட்டால், அவர் மறுநாள் கூலியையே பணயம் வைக்க வேண்டியிருக்கும். தோண்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமே என்றேன். தோண்டினார்கள், விரிசல் சொன்ன இடத்திலேயே இருந்தது.

அன்றிரவு சத்யேந்திர துபேயின் நினைவு வந்தது. தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய அந்த இளம் பொறியாளர், தம் பெயரை மறைக்காமல் தெரிவித்து, அதை இரகசியமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். பெயரோடு அந்தக் கடிதம் பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றுதான் வழக்கு முடிந்தது. ஆனாலும் நம்பி ஒப்படைத்த பெயரைக் காக்கத் தவறிய பிழை தவறியவர்களைச் சேர்ந்ததே. புகார் கொடுப்பவரின் பெயரைக் கண்காணிப்பு ஆணையம் மட்டும் அறிந்து மறைத்து வைக்கும் ஏற்பாடு 2004இல்தான் வந்தது. வெளிப்படையாக வா என்று அழைக்கிறவர்கள், வந்தவரைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவையும் உனக்கு எழுதக் காரணம் வேறு. 1988இல் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலியில் மேற்பார்வையாளர் கைவைத்ததைப் பற்றி நாம் இருவரும் எழுதிய மொட்டைக் கடிதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கையெழுத்துத் தெரிந்துவிடும் என்று தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் போய் அடித்தோம். பட்டறையில் தமிழ்த் தட்டச்சு அறிந்தவர் டைம் ஆபீஸ் அண்ணன் ஒருவர்தான். சந்தேகம் அவர்மேல் விழுந்தது, பதவி உயர்வு நின்றது, ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தில் இருந்தது அத்தனையும் உண்மை. அதனாலேயே நாம் குற்றமற்றவர்கள் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். நாம் போடாத பெயரின் இடத்தில் அவர் பெயரை நிரப்பிவிட்டார்கள், நாம் பார்த்துக்கொண்டு இருந்தோம். அஞ்சி ஒளிந்ததற்காக நான் வெட்கப்படவில்லை. அவரைத் தண்டித்த பிறகும் ஒளிந்திருந்தோமே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அண்ணன் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன வாரம் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் அண்ணியைப் பார்த்தேன். "அவர் அந்தக் கடிதத்தை எழுதவேயில்லை தம்பி, யாரும் நம்பவில்லை" என்றார்கள், நான் எதுவும் கேட்காமலே. அப்போதும் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன்; அதை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். உன்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் என் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். படித்துவிட்டு, எப்படியானாலும் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்