"உடனே ஏன் போகவில்லை?" என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் வன்முறை பற்றி எந்தச் செய்தி வந்தாலும், அடுத்த சில நாட்களில் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவராவது இப்படி எழுதிவிடுகிறார்: "நடந்தது உண்மை என்றால் அந்தப் பெண் உடனே ஏன் போலீசுக்குப் போகவில்லை?" நான் 31 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டியில் போனது. உடனே கிளம்பி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்த பிறகு யார் யார் தாமதம் செய்தோம் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

2017ஆம் வருடம், ஐப்பசி மழை. இரவு பதினொன்றே கால் இருக்கும். இருபது சொச்சம் வயதில் ஒரு பெண், அவள் அம்மா, இருவரையும் கூட்டிவந்த ஆட்டோக்காரர். அந்த அம்மா நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு சீட்டு வைத்திருந்தார். "கேஸ் போட்டாச்சு சிஸ்டர், ரசீது குடுத்துட்டாங்க" என்று நீட்டினார். பிரித்துப் பார்த்தால் சி.எஸ்.ஆர். மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு அது, அவ்வளவுதான். வழக்குப் பதிவே ஆகவில்லை. ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பியவர்கள். முதல் ஸ்டேஷனில், "அந்த இடம் எங்க லிமிட்ல வராது" என்று அனுப்பியிருக்கிறார்கள். மகளிர் காவல் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் அம்மா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், காலையில் வாருங்கள் என்று இந்தச் சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தால், டூட்டி டாக்டர் சின்னப் பையன், "போலீஸ் மெமோ இல்லாம நான் எப்படிம்மா பார்க்கிறது?" என்று கையைப் பிசைகிறார். மெமோ என்பது, பரிசோதிக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து எழுதித் தரும் கடிதம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மெமோ கொண்டு வாருங்கள் என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேனோ, அவர்களில் எத்தனை பேர் திரும்பி வராமலே போனார்களோ, அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பாதிக்கப்பட்ட பெண் நேராக மருத்துவமனைக்கு வரலாம். எஃப்.ஐ.ஆர். வேண்டாம், மெமோ வேண்டாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை இதைத்தான் சொல்கிறது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், திருப்பி அனுப்பினால் தண்டனை உண்டு என்பது 2013இலேயே சட்டமாகிவிட்டது. போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியதும் மருத்துவமனையின் வேலை. அதற்காக அந்தப் பெண்ணை மழையில் அலையவிடத் தேவையில்லை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது 18 வயது நிறைந்த பெண்ணின் முடிவு. இப்போது வேண்டாம் என்று அவள் சொன்னாலும் சிகிச்சையை நிறுத்தக்கூடாது. குழந்தைகள் விஷயம் வேறு. போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்லியே ஆக வேண்டும்.

அன்றைக்கு நிலைய மருத்துவ அலுவலருக்கு (ஆர்.எம்.ஓ.) போன் போட்டு, மகப்பேறு வார்டிலிருந்து பெண் மருத்துவரை வரவழைத்து, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) பதிந்து, மருத்துவமனை போலீஸ் அவுட்போஸ்டில் சொல்லி, பரிசோதனை தொடங்கும்போது மணி ஒன்றரை. அந்த ஏழரை மணி நேரத்தில் மூன்று இடங்களில் அந்தப் பெண் ஆரம்பத்திலிருந்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். ஒரு இடத்திலாவது உட்காரச் சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

உள்ளே பரிசோதனை நடக்கும்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வந்து நின்னதும் தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன் சிஸ்டர். துணியெல்லாம் பக்கெட்டுல ஊறுது. தப்புப் பண்ணிட்டேனா?" அவர் செய்ததில் தப்பே இல்லை. பிள்ளை அழுதுகொண்டு வந்து வாசலில் நின்றால் நம் வீட்டில் எந்த அம்மாவும் முதலில் அதைத்தான் செய்வார். செய்யக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அதனால் இங்கே சொல்கிறேன், தயவுசெய்து இதை வெட்டாமல் போடுங்கள். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் வாருங்கள். துணியைத் துவைக்க வேண்டாம். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, காக்கித்தாளிலோ செய்தித்தாளிலோ சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் புழுங்கித் தடயம் கெட்டுவிடும். ஆனால் குளித்துவிட்டீர்கள், துவைத்துவிட்டீர்கள் என்பதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள். நான்கு நாள் வரை மாதிரி எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. காயம் அதற்குப் பிறகும் பேசும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை மட்டும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கரு தங்காமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. "காலையில் வாங்க" என்று சொல்கிறவர்கள் இந்த 72 மணி நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறப்புறுப்பில் விரலை விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனைக்குப் பயந்தே வராதவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைச் செய்துவிட்டு, இவள் உடலுறவுக்குப் 'பழக்கப்பட்டவள்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். உச்ச நீதிமன்றம் 2013இல் அதைக் கண்டித்தது. 2022இல், இனி அதைச் செய்கிறவர் மீதே நடவடிக்கை என்று சொல்லிவிட்டது. யாராவது செய்ய வந்தால் மறுக்கலாம். எந்தப் பரிசோதனையையும் பாதியில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

காவல் நிலையத்துக்கு வருகிறேன். லிமிட் பார்த்து விரட்டுவது அன்றைக்கே தவறுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலோ, எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். பெண் போலீஸ்தான் எழுத வேண்டும், நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். பாலியல் வன்முறைப் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்குக் குறைந்தது ஆறு மாதம் கடுங்காவல் என்று சட்டம் இருக்கிறது. அப்படி ஒருவர் உள்ளே போனதாக என் பணிக்காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அதில் எஃப்.ஐ.ஆர். எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வராதீர்கள்.

பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்துக்கும் காரணம் இருக்கிறது. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் செய்தியாளர்கள் முன்னால் சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. அப்படியும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. மாணவியின் வழக்கில் ஆறு மாதத்துக்குள், 2025 ஜூன் 2 அன்று, ஆயுள் தண்டனை வந்தது. பொள்ளாச்சிக்கு ஆறு வருடம் ஆனது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் இழப்பீடு. அந்த ஆறு வருடமும் அவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இழப்பீடு கேட்கத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இடைக்கால உதவியே கிடைக்கும். மகளிர் உதவி எண் 181க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும் இடம் தருவார்கள். வீட்டுக்குத் திரும்பப் போக முடியாத நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

அந்த ஐப்பசி இரவுக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நான் எழுதப் போவதில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. என் பெயரும் ஊரும் தெரிந்தால் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதையும் தவிர்க்கிறேன். மன்னிக்கவும்.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒன்று. கேஷுவாலிட்டி வாசலில் 'மெமோ தேவையில்லை' என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். உள்ளே ஒரு கட்டு காக்கிக் கவர், ஒவ்வொரு அளவிலும் நாலைந்து நைட்டி வாங்கி வையுங்கள். தடயத்துக்காகத் துணியை வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பெண் எதை உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? நைட் டூட்டிக்குப் போகும்போது என் பையில் எப்போதும் ஒரு பழைய புடவை இருக்கும். திரும்பி வராத புடவைகள் பதினொன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்