ஒலிவம் பறிக்க வந்த கைகளைத் திருப்பி அனுப்பாதீர்கள்: மேற்குக் கரை ராணுவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மேற்குக் கரைக்குப் பொறுப்பான இஸ்ரேல் ராணுவத்தின் மத்தியக் கட்டளைத் தலைமைக்கும், அப்பகுதியின் குடிமை நிர்வாக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

2025 அக்டோபர் 19 அன்று மேற்குக் கரையின் துர்முஸ் அய்யா கிராமத்தில், ஒலிவம் (ஆலிவ்) பறித்துக்கொண்டிருந்த பெண் ஒருவரை முகமூடி அணிந்த ஒருவன் தடியால் அடித்து வீழ்த்திய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2006 முதல் இத்தகைய தாக்குதல்களைக் கணக்கெடுத்து வருகிறது. அதன் பதிவேட்டில் வேறெந்த மாதத்திலும் இல்லாத அளவுக்கு, மேற்குக் கரையில் குடியேற்றங்கள் அமைத்து வாழும் இஸ்ரேலியர்களான குடியேறிகளின் 260-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் அந்த ஒரு மாதத்தில் பதிவாகியுள்ளன. அதே மாதத்தில்தான் பூரின் கிராமத்தில் அறுவடைக்கு உதவ வந்திருந்த 32 வெளிநாட்டவரை நாடு கடத்த உத்தரவு பிறந்தது. அறுவடைக் காலம் முழுவதும் தோட்டம் தோட்டமாக ‘மூடப்பட்ட ராணுவப் பகுதி’ என்று அறிவித்து ஆட்களை வெளியேற்றும் ஆணைத் தாளும் காட்டப்பட்டு வந்தது. அந்தத் தாளைப் பற்றித்தான் இம்மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே. அறுவடை நாட்களில் அந்த மூடல் ஆணையை நிலத்துக்குச் சொந்தக்காரரான பாலஸ்தீன விவசாயி மீதும், அவருக்குத் துணையாகப் பறிக்க வரும் யூத அண்டை வீட்டார் மீதும் பயன்படுத்தாதீர்கள். கலைக்க வேண்டியவர்கள் இருந்தால், தடியோடு வருபவர்களைக் கலையுங்கள்.

நான் பாலஸ்தீனரும் அல்லேன், யூதரும் அல்லேன். பல ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அறுவடைப் பருவத்தில் சில வெள்ளிக்கிழமைகள் நப்லுசுக்குத் தெற்கேயுள்ள ஒரு கிராமத்துக்கு இஸ்ரேலியத் தன்னார்வலர்களோடு பேருந்தில் போய் ஒலிவம் பறித்திருக்கிறேன். மரத்தடியில் தார்ப்பாய் விரிப்போம். அதன் ஒரு முனையை எழுபது வயது தாண்டிய, ஓய்வுபெற்ற யூத ஆசிரியை ஒருவர் பிடித்திருப்பார். மறுமுனை அந்த வீட்டுப் பாட்டியின் கையில் இருக்கும். பாட்டி அரபியில் அதட்டுவார், ஆசிரியைக்குப் பாதி புரியும், புரியாத பாதிக்கும் தலையாட்டுவார். காலையில் ரொட்டியும் சஅத்தர் என்ற மூலிகைப் பொடியும், நடுவில் மர்யமிய்யா என்ற மூலிகையின் இலை போட்ட தேநீரும் கிடைக்கும். நாங்கள் அவசரப்பட்டுக் கிளையைக் கோலால் தட்டப் போனால் அந்த வீட்டுப் பெரியவர் பாய்ந்து வந்து தடுப்பார். இந்த ஆண்டின் காயோடு, அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய இளங்கொம்பும் முறிந்துவிடும் என்பார். ஆகவே கையாலும் பல்வைத்த சிறிய பிளாஸ்டிக் சீப்பாலும் கோதியே பறித்தோம். ஒரு பெரிய மரத்தை அப்படிப் பறித்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும். ‘அண்டை வீட்டார்’ என்ற சொல் அந்த நிலத்தில் எதைக் குறிக்கிறது என்பதை அந்தத் தார்ப்பாயின் இரண்டு முனைகளில்தான் அறிந்தேன்.

இனி விவசாயியின் நாள்கணக்குக்கு வருகிறேன். குடியேற்றங்களை ஒட்டிய தோட்டங்களுக்குள் உரிமையாளர் நினைத்த நாளில் போக முடியாது. உங்கள் அலுவலகத்தோடு ‘தன்சீக்’ செய்து, அதாவது முன்கூட்டியே ஒருங்கிணைப்பு பெற்று, குறித்துக் கொடுத்த நாட்களில் மட்டுமே போகலாம். உழவுக்குச் சில நாட்கள், அறுவடைக்குச் சில நாட்கள். ஆண்டு முழுவதும் பார்க்க முடியாத மரத்தின் அடியில் முள்ளும் புல்லும் மண்டியிருக்கும். கிடைத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் தோட்டம் முழுவதையும் பறித்து முடிக்க ஒரு குடும்பத்தின் கைகள் போதாது. அந்தக் குறையை நிரப்பத்தான் இருபது முப்பது தன்னார்வலர்கள் விடியலில் கிளம்பி வருகிறார்கள். தாள் வந்து சேரும் வேளையும் அதுவே. சில இடங்களில், உரிமையாளர் இருக்கலாம், உதவ வந்தவர்கள் வெளியேற வேண்டும் என்று சொல்லப்படுகிறது. சில இடங்களில் எல்லோரும் வெளியேற வேண்டும். மலை உச்சியிலிருந்து கூச்சலிட்டுக்கொண்டு இறங்கி வந்தவர்களால் பதற்றம் எழுந்தது என்பதே காரணம். ஆனால் கலைந்து போக வேண்டியிருப்பது கூடையோடு வந்தவர்கள்.

அப்படி ஒரு நாள் போனால், போனது ஒரு நாள் மட்டும் அல்ல என்பதை உங்களில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அறிவார்கள். எஞ்சிய ஒரே நாளில் ஆள் இல்லாமல் முடிக்க நேரும் குடும்பம், பெரியவர் தடுத்த அந்தக் கோலைத்தான் கையில் எடுக்கும். அடுத்த ஆண்டின் காய்ப்பும் அன்றே முறிந்துபோகும். மாற்று நாள் கிடைக்காத குடும்பத்தின் காய் கனிந்து தானே உதிரும். மண்ணில் கிடந்த காயிலிருந்து வரும் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். உயர்தர எண்ணெய்க்கு அந்த அமில அளவு 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டிய எண்ணெயின் விலை விழும், சில வேளை சோப்புக்குத்தான் போகும். நாளை தேதி கிடைக்காது என்ற பயத்தில் முன்கூட்டியே பறித்தாலோ, காயில் எண்ணெய் முழுதாகக் கூடியிருக்காது. உங்கள் அதிகாரி கையெழுத்திடும் அந்த ஒரு தாள், இவ்வாறு இரண்டு ஆண்டுகளின் வருமானத்தை அறுத்துவிடுகிறது.

மேற்குக் கரையில் 80,000 முதல் 1,00,000 குடும்பங்கள் வரை தம் வருமானத்தில் ஒரு பகுதிக்காவது ஒலிவத்தை நம்பியிருப்பதாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிடுகின்றன. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பின், இஸ்ரேலுக்குள் வேலை செய்துவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதிகள் நிறுத்தப்பட்டபோது, கொத்தனாராகவும் தச்சராகவும் சம்பாதித்தவர்களுக்கும் மரங்கள் மட்டுமே மிஞ்சின. அந்த ஆண்டுப் பருவத்திலேயே, கட்டுப்பாடுகளால் 96,000 துனம் ஒலிவ நிலம் அறுவடை செய்யப்படாமல் நின்றது என்றும், ஏறக்குறைய 1,200 டன் எண்ணெய் இழப்பானது என்றும் ஐ.நா.வின் அதே மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் பதிவு செய்தது. ஒரு துனம் என்பது ஏறக்குறைய கால் ஏக்கர். ஆக, ஏறத்தாழ 24,000 ஏக்கர். 2025-இல் வறட்சியாலும், ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் மரத்தின் இயல்பாலும் விளைச்சலே மெலிந்திருந்தது. அந்தக் கொஞ்சத்தைப் பறிக்கத்தான் இத்தனை தடை.

இந்தக் கோரிக்கை புதியதன்று. உங்கள் நாட்டு உச்ச நீதிமன்றம் 2006 ஜூனில் இதற்குத் தீர்ப்பு சொல்லிவிட்டது. யனூன் உள்ளிட்ட பாலஸ்தீன கிராமத்தாரும், அவர்களோடு ‘மனித உரிமைகளுக்கான ரபிகள்’ என்ற யூத மதகுருமார்களின் அமைப்பும் தொடுத்த வழக்கு அது. விவசாயியைத் தாக்குதலிலிருந்து காப்பதற்காக அவருடைய நிலத்தையே அவருக்கு மூடுவது, வீட்டுக்குள் கொள்ளைக்காரன் காத்திருக்கிறான் என்பதற்காக வீட்டுக்காரரை வீட்டுக்குள் நுழையாதே என்பதைப் போன்றது என்ற கருத்தை நீதிபதி தோரித் பெய்நிஷ் அதில் எழுதினார். விவசாயிகள் நிலத்துக்குச் செல்லப் பாதுகாப்பு தர வேண்டும், களத்திலுள்ள வீரர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் வழங்க வேண்டும், அத்துமீறுவோர் மீது சட்டத்தைச் செயல்படுத்த வேண்டும், புகார்களை விசாரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. அன்று பிறந்த குழந்தை இன்று உங்கள் சீருடை அணியும் வயதை எட்டிவிட்டது. அந்த இளைஞனின் கையில் எந்தத் தாளைக் கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று மரியாதையோடு, ஆனால் அழுத்தமாகக் கேட்கிறேன்.

சட்டத்தை நிலைநாட்டுவது காவல்துறையின் வேலை என்று நீங்கள் சொல்லக்கூடும். களத்தில் முதலில் நிற்பவர் ராணுவ வீரர். குற்றம் செய்பவரைக் காவல்துறை வரும்வரை பிடித்து வைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பிடிக்காமல் விட்டால் பின்னால் என்ன ஆகிறது என்பதும் மறைவானதன்று. பாலஸ்தீனர்களுக்கு எதிரான இஸ்ரேலியர்களின் குற்றங்கள் குறித்து 2005 முதல் யெஷ் தின் என்ற இஸ்ரேலிய அமைப்பு பின்தொடர்ந்த விசாரணைக் கோப்புகளில், ஏறக்குறைய 94 விழுக்காடு குற்றப்பத்திரிகை இன்றியே மூடப்பட்டன. தாக்கியவருக்குக் கோப்பு மூடப்படுகிறது, பறிக்க வந்தவருக்குத் தோட்டம் மூடப்படுகிறது. இதை எழுதும்போது என் கை நடுங்குவது கோபத்தால்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்டோபர் 7-இன் கொடுமையை மறந்துவிட்டு எவரும் இதைப் பேச முடியாது, நானும் மறக்கவில்லை. அன்று பெயெரி என்ற கிபுட்சில், அதாவது கூட்டு வாழ்வுக் குடியிருப்பில், கொல்லப்பட்ட விவியன் சில்வருக்கு வயது 74. ‘அமைதிக்காகப் போராடும் பெண்கள்’ இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். காசாவின் நோயாளிகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குத் தம் காரில் ஏற்றிச் சென்றவர். நிர் ஓஸ் கிபுட்சிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுச் சிறையிருப்பில் உயிரிழந்த ஓதெத் லிஃப்ஷிட்ஸும் அந்தப் பணியைச் செய்தவரே. நோயாளிகளை இப்படி ஏற்றிச் செல்லும் ‘குணமடையும் பாதை’ என்ற அமைப்பைத் தொடங்கிய யுவால் ரோத், 1993-இல் தம் சகோதரரை ஹமாஸின் கையில் பறிகொடுத்தவர். இவர்கள் எவருக்கும் ஆபத்து தெரியாமல் இல்லை. இத்தனை இழப்புக்குப் பிறகும் அந்த அமைப்பின் கார்கள் மேற்குக் கரையின் சோதனைச் சாவடிகளுக்கு விடியலில் வந்து நிற்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரால் திருப்பி அனுப்பப்படும் பேருந்தில் இருப்பவர்களும் இதே மனிதர்கள்தான்.

இந்த மனிதர்களின் வேலையை எல்லாப் பக்கமிருந்தும் நெரிக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரு மக்களின் கூட்டு முயற்சிகளுக்காக ஐந்து ஆண்டுகளில் 250 மில்லியன் டாலர் என்று 2020-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டபோது, பாதி வழியில் இருந்த திட்டங்கள் அப்படியே நின்றன. அதே ஆண்டு பிப்ரவரியில், வெளிநாட்டு அரசுகளிடமிருந்து தொண்டு அமைப்புகள் பெறும் நன்கொடைக்கு 80 விழுக்காடு வரி விதிக்கும் மசோதா உங்கள் நாடாளுமன்றமான கெனெசெட்டில் முதல் கட்டத்தைக் கடந்தது. பணம் தருபவர் கையை இழுத்துக்கொள்கிறார், வந்த பணத்தில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொள்ளச் சட்டம் தயாராகிறது. பிறகு, இரு மக்களும் சேர்ந்து வாழ மனம் இல்லாதவர்கள் என்று உலகம் தீர்ப்பு சொல்கிறது. மனம் இருப்பதற்கு வாதி ஃபூக்கின் என்ற பாலஸ்தீன கிராமம் சாட்சி. இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கும் பச்சைக் கோட்டுக்கு அப்பால், இஸ்ரேலுக்குள் உள்ள சூர் ஹதாசாவின் யூதக் குடும்பங்கள், தங்கள் அண்டைக் கிராமமான அந்தப் பள்ளத்தாக்கின் ஊற்றுகளும் வயல்களும் பிழைக்க வேண்டும் என்பதற்காக, இஸ்ரேல் எழுப்பும் பிரிவினைச் சுவர் அங்கே வரக் கூடாது என்று கிராமத்தாரோடு சேர்ந்து நின்றார்கள். அந்த வயல்களின் காய்கறிகளை வாங்கிச் சமைத்தார்கள். அந்தக் கிராமத்தின் நிலத்தையும் சேர்த்துத்தான் 2014 ஆகஸ்டு இறுதியில் ஏறக்குறைய 4,000 துனம் அரசு நிலமாக அறிவிக்கப்பட்டது.

இவற்றில் பல உங்கள் மேசைக்கு வருபவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒலிவத் தோட்டத்துக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்ற தாள் உங்கள் மேசையிலிருந்துதான் போகிறது. ஆகவே உங்களிடமே மீண்டும் கேட்கிறேன்.

வரவிருக்கும் அறுவடைப் பருவத்தில் விவசாயியையும் அவரோடு வரும் தன்னார்வலரையும் மூடல் ஆணையால் வெளியேற்றாதீர்கள். தாக்குதலால் ஒரு நாள் கெட்டுப்போனால், காய் உதிர்வதற்கு முன்பே, அதே வாரத்தில் மாற்று நாள் கொடுங்கள். ஒருங்கிணைப்பு தேவைப்படும் தோட்டங்களுக்கு உழவுக்கும் கொம்பு கழிப்பதற்கும் அறுவடைக்கும் போதிய நாட்களைப் பருவம் தொடங்குமுன் அறிவியுங்கள். எத்தனை நாள் தேவை என்பதை மரத்தின் சொந்தக்காரரிடம் கேளுங்கள். 2006 தீர்ப்பின் கட்டளைகளை எபிரேயத்திலும் அரபியிலும் அச்சிட்டு, தோட்டப் பகுதிகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு வீரரிடமும் கொடுங்கள். அத்துமீறி வருபவரை அந்த இடத்திலேயே பிடித்து வையுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் என்னோடு பறித்த ஆசிரியைக்கு இப்போது எண்பது வயது கடந்திருக்கும். முழங்கால் இடம் கொடுத்தால் இந்த ஆண்டும் பேருந்து ஏறிவிடுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறுவடைப் பருவத்தில் அந்தத் தார்ப்பாயை மடித்து வைத்தவர்களில் ஒருவர்